வகுப்பில் சின்னவள்

காலை ஆறு இருபது. ராஜகோபுரத்துக்கு எதிரே பள்ளி வேனிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, முன்னால் வந்த பெண்கள் கழற்றிப் போட்டிருந்த கறுப்பு ஷூக்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் சாமியிடம் வைத்து வாங்கி வருவது எங்கள் பள்ளி வழக்கம்.

"உள்ள வர முடியாதவங்க ஷூவைப் பாத்துக்கிட்டு இங்கயே இருங்க" என்றார் வகுப்பு மிஸ். காரணத்தைச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். மூன்று பெண்கள் ஒதுங்கி நின்றார்கள்.

"மிஸ், நானும்" என்றேன்.

பொய். வகுப்பில் வயதுக்கு வராதவள் நான் ஒருத்திதான். மூன்றாம் வகுப்பு முடித்த என்னை, அம்மா தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசி, டபுள் புரமோஷனில் நேராக ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்திருந்தார். பாடங்களில் நான் பின்தங்கவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து தொல்லை வேறு விதமாக வந்தது. மதியம் டிபன் பாக்ஸோடு போய் நின்றால், "பாப்பா வந்துட்டாடி, பேச்ச மாத்துங்க" என்பார்கள். அவர்களுடைய மஞ்சள் நீராட்டு விழாக்களுக்கு அம்மாவோடு போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறேன். மறுநாள் வகுப்பில் மீண்டும் பாப்பாதான்.

மற்றவர்கள் உள்ளே போனதும் மூவரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏய் பாப்பா, நீயா! எப்படி?"

"போன மாசம்."

"மஞ்சத்தண்ணி ஊத்துனாங்களா? எங்கள இன்னாத்துக்குடி கூப்பிடல?"

"பரீட்சை முடியட்டும்னு வுட்டுட்டாங்க."

"சரி, இன்னிக்கு எத்தினியாவது நாளு?"

எனக்குத் தெரியவில்லை. "எட்டாவது" என்றேன்.

"எட்டா? ஜாஸ்தியா இருக்கேடி. அம்மாகிட்ட சொன்னியா?"

அவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் பையை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தாள். இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டி, வயிறு வலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தாள். ஒரு மணி நேரம் நான் அவர்களில் ஒருத்தியாக இருந்தேன். அவர்கள் என்னை நம்பியதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூவரும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். எவர்சில்வர் தட்டில் கண்ணாடி வளையல், மல்லிகைப்பூ, மைசூர்பாகு. கதவைத் திறந்தது அம்மா.

"ஆன்ட்டி, எங்களுக்குச் சொல்லவே இல்லையே நீங்க? எட்டு நாளாம், டாக்டர்கிட்ட காட்டுங்க ஆன்ட்டி."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார்.

"வீட்டோட பண்ணிட்டோம்மா. பரீட்சை நேரமாச்சே" என்று தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காபி போட்டுக் கொடுத்தார். ஒருத்தி என் கையைப் பிடித்து வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். அளவு பெரிது, கையைத் தொங்கவிட்டால் நழுவின.

அவர்கள் போன பிறகு அம்மா கேட்டார்: "எதுக்குடி?"

"அவங்க என்னைச் சேத்துக்கவே மாட்டேங்கறாங்கம்மா."

அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வாரத்துக்குள் மூன்று பெண்களின் அம்மாக்கள் வழியாகச் செய்தி எங்கள் சொந்தக்காரர்கள் வரை போயிற்று. போன் செய்த எல்லோருக்கும் அம்மா அதையே சொன்னார்: வீட்டோட பண்ணிட்டோம்.

அதே ஆண்டு ஆகஸ்டில், பிளஸ் ஒன்னில் சேர்ந்த பிறகு, நான் வயதுக்கு வந்தேன். வீட்டில் விழா எதுவும் நடக்கவில்லை.