சூப்பர் சாரின் இதயத்தில் ஓர் ஊசி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் இதயப் பிரிவின் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் ‘சூப்பர் சார்’. டாக்டர் எதைச் செய்தாலும், எதைச் சொன்னாலும், சில நாள் வெறுமனே தும்மினாலும்கூட, “சூப்பர் சார்” என்பார். அந்த இரண்டே சொல்லை வைத்து ஒரு மனிதர் பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீடும் கட்டிவிட்டார் என்றால், அவரைக் கிண்டல் பண்ண நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, சொல்லுங்கள்.

முதலில் தண்ணீர் மோட்டார் விற்றார். அப்புறம் ஜெராக்ஸ் மெஷின். அங்கிருந்து ஒரே தாவலாகத் தாவி இதயத்துக்கு வந்துவிட்டார். இப்போது அவர் விற்பது ஒரு கதீட்டர். நீளமான, மெல்லிய குழாய். தொடை இடுக்கில் ரத்தக்குழாய்க்குள் விட்டால் நேரே இதயத்துக்குள் போய் நிற்கும். நுனியில் குட்டியாக ஓர் அல்ட்ராசவுண்ட் கண். அது காட்டும் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே, குழாய்க்குள்ளிருந்து ஊசியை நீட்டி, சோர்ந்துபோன இதயத் தசையில் மருந்தை இறக்க வேண்டும். ஆழம் குறைந்தால் மருந்து ரத்தத்தோடு போய்விடும். ஆழம் கூடினால் ஊசி இதயச் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சூண்டு இடம்தான்.

அந்த இடம் தெரிந்து சொல்வதற்கென்றே மாடியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். படம் பார்ப்பதே அவர் படிப்பு. ஆரம்பத்தில் அவரைக் கூப்பிடத்தான் செய்தார்கள். ஆனால் அந்த அம்மா, “இருங்க, தெளிவா இல்ல”, “குழாயைக் கொஞ்சம் திருப்புங்க”, “இந்த இடம் வேணாம்” என்று எதற்கெடுத்தாலும் நொட்டை சொன்னார். பெரிய டாக்டருக்கு எரிச்சல். அதே மேஜைக்குப் பக்கத்தில் கம்பெனி ஆள் ஒருவர், எக்ஸ்ரே கதிருக்காகப் போடும் கனமான ஈயச் சட்டையை மாட்டிக்கொண்டு, சிரித்த முகமாக, சும்மாவே நின்றுகொண்டிருந்தார். “கம்பெனிக்காரருக்குத் தெரியாததா? அவங்களை ஏன் மாடியிலேர்ந்து இறக்கிக்கிட்டு” என்று பெரிய டாக்டர் சொன்னதோடு டாக்டரம்மாவின் கதை முடிந்தது. அதன்பிறகு வேலை சிட்டாய்ப் பறந்தது. ஊசியை நீட்டுமுன் பெரிய டாக்டர், “சரியா?” என்பார். “சூப்பர் சார்” என்பார் இவர். டாக்டர் அழுத்துவார். மேஜையில் படுத்திருப்பவர், இரண்டு பெரிய மனுஷர்கள் சேர்ந்து பார்க்கிறார்களே என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வார்.

இப்படியே போயிருந்தால் இதில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் இதயம் என்பது விற்கிறவருக்கும் ஒன்று இருக்கிறதே. ‘இதயத்தைக் காப்போம்’ என்று கம்பெனி நடத்திய கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே சூப்பர் சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பேச்சின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியவர்களும் உண்டு. உயிர் தப்பியது. இதயத்தின் ஒரு பக்கச் சுவர் மட்டும் துவண்டுபோனது. மாத்திரைக்குக் கேட்கவில்லை. படி ஏறினால் மூச்சு முட்டியது.

“கவலையே படாதே. நம்ம குழாயையே போட்டுடுவோம்” என்றார் பெரிய டாக்டர்.

“சூப்பர் சார்” என்றார் இவர். வேறு என்ன சொல்ல முடியும்? கம்பெனிக்குத் தலைகால் புரியவில்லை. தன் சரக்கைத் தன் நெஞ்சிலேயே ஏற்றிக்கொள்ளும் ஊழியன் எந்தக் கம்பெனிக்குக் கிடைப்பான். மாலையும் பூச்செண்டுமாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஆள் பிழைத்த பிறகு எடுத்திருக்கலாம்.

மனைவிதான் முதல் நாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“உங்களுக்கு இதுல நம்பிக்கை இருக்குல்ல?”

“ஊர் பூரா வித்திருக்கேன். நம்பிக்கை இல்லாமலா?”

“விக்கிறதைக் கேக்கலைங்க. படுக்கிறதைக் கேக்கிறேன்.”

சூப்பர் சார் மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று ஆராயப் போய்விட்டார்.

மறுநாள் மேஜையில் படுக்க வைத்தார்கள். குழாய் நுழையும் தொடை இடுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி. நினைவு முழுசாக இருந்தது. “இன்னைக்குக் கம்பெனி ஆள் யாரும் வரலையா?” என்று யாரோ கேட்டார்கள். “ஆள்தான் மேஜை மேலயே இருக்காரே” என்றாள் நர்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்துவைத்தார்.

குழாய் உள்ளே போனது. பெரிய டாக்டர், ஒரு மரியாதைக்காக, திரையை இவர் பக்கம் திருப்பிவைத்தார்.

சூப்பர் சார் பார்த்தார். எத்தனையோ முறை இந்தத் திரைக்கு முன்னால் நின்றவர், உண்மையாக உற்றுப் பார்த்தது இதுதான் முதல் தடவை. சாம்பல் நிறத்தில் என்னென்னவோ நெளிந்தது. எது சுவர், எது ரத்தம், எது ஊசி நுனி, ஒரு எழவும் புரியவில்லை.

“சரியா?” என்றார் பெரிய டாக்டர், கட்டைவிரலை அழுத்துவதற்குத் தயாராக வைத்துக்கொண்டு.

பழக்கதோஷம், ‘சூ’ என்று உதடு குவிந்துவிட்டது. இவர் அதைக் கடித்து நிறுத்தினார்.

“தெரியல சார்.”

“என்னது?”

“எனக்கு இதைப் பாக்கத் தெரியாது சார்.”

“விளையாடாதப்பா. இத்தனை நாளா சூப்பர் சூப்பர்னு சொன்னியே?”

“நீங்க பண்ணா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன் சார்.”

“அடப்பாவி. நீ சரின்னு சொன்னதாலதானேய்யா நான் பண்ணேன்.”

அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெரிய டாக்டர் விரலை எடுத்தார். பாவம், அவர் முகத்தில் அப்படி ஒரு கலக்கத்தை யாரும் பார்த்ததில்லை. “மாடியிலேர்ந்து அவங்களை வரச்சொல்லுங்க” என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மா வந்தார். குத்திக்காட்டவெல்லாம் இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“இங்க சுவர் ரொம்ப மெலிசா இருக்கு. அழுத்தியிருந்தா வெளிய போயிருக்கும். பின்னாடி வாங்க. இன்னும் கொஞ்சம். இப்பத் திருப்புங்க.”

நேரம் பிடித்தது. ஒருவரும் எரிச்சல்படவில்லை. முதல் ஊசி இறங்கியபோது நெஞ்சுக்குள் ஏதோ தடுமாறி மறுபடி நடந்தது. மருந்து தசைக்குள் நின்றுவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். அப்பாடா, பிழைத்தோம் என்று சூப்பர் சாருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நிம்மதி இருக்கிறதே, அது வந்த கையோடு ஒரு தையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தது. போன மாசம் இதே மேஜையில் படுத்திருந்தவர். இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பக்கத்துலயே இருப்பீங்கல்ல சார், அது போதும்” என்றவர்.

“மேடம், எனக்கு முன்னாடி போட்டுக்கிட்டவங்களுக்கெல்லாம்…” என்று ஆரம்பித்தார்.

“எல்லாப் படமும் மெஷின்ல அப்படியேதான் இருக்கு” என்றார் டாக்டரம்மா. “எந்த ஊசி எங்க போச்சுன்னு ஒண்ணொண்ணா பாத்துடலாம். பாக்கட்டுமா?”

பெரிய டாக்டர் கையிலிருந்த குழாயையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க மேடம்” என்றார் சூப்பர் சார். விற்பனைக்குப் போகும்போது வைத்துக்கொள்ளும் அதே சிரித்த முகத்தோடுதான் சொன்னார். டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த அவர் இதயத்தைப் பார்த்தார்.

“ஊசியை உள்ள இழுத்துக்குங்க டாக்டர். இவரு ரொம்ப பயந்துபோயிருக்காரு. கொஞ்சம் அடங்கட்டும்.”