லயத்து வீட்டு நம்பர்

என் கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பப்பள்ளியோடு நின்றவன் நான்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுப் பாயா ரும்புட் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த பிறகு, ஒருநாள் மனைவிக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். பதற்றத்தில் பழைய தோட்டத்தின் பெயரும் லயத்து வீட்டு நம்பரும்தான் வாயில் வந்தன.

"அந்தத் தோட்டத்த இடிச்சிட்டாங்க லா அங்கிள்," என்றாள் போனில் பேசிய தமிழ்ப்பெண். "எங்கப்பாவும் இப்படித்தான் சொல்வாரு. பயப்படாம வெளிய போயி, ரோட்டுப் பலகையில ஜாலான் பேரையும், கேட்டுல இருக்குற வீட்டு நம்பரையும் பாத்து வாசிங்க."

நகராண்மைக் கழகம் மாட்டிய பலகையை அன்றுதான் முதன்முதலாக வாசித்தேன்.

வண்டி வந்தது. ஏற்றும்போது மனைவி மூச்சிரைக்கச் சொன்னாள்: "லயத்த இடிச்சும் இந்த மனுசன் இன்னும் அங்கதான் குடியிருக்காரு."

குணமாகி வந்துவிட்டாள். புது முகவரி இப்போது எனக்கு மனப்பாடம். ஆனாலும் அவள் சொன்னது சரிதான். கனவில் நான் வேலை முடிந்து திரும்புவது லயத்துக்குத்தான்.

இதை எழுதி முடித்தது, தைப்பூசத்துக்கு மறுநாள்.