சஹனில் நின்ற கை

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு றபீக் நடந்து வந்தான்.

இதிலென்ன செய்தி என்கிறீர்களா? பள்ளிவாசலுக்கும் அவன் வீட்டுக்கும் இடையில் ஒரே ஒரு ஒழுங்கைதான். அதற்கும் மோட்டார் சைக்கிளை உதைக்கிற ஆள் அவன். அது மட்டுமா... இரண்டு மாதத்துக்கு முன், அதே பள்ளியின் ஒலிபெருக்கியில் அவனுடைய மரணச் செய்தி, ஜனாஸா அறிவித்தலாகப் போயிருக்க வேண்டியது.

றபீக் என்னோடு படித்தவன். வயது நாற்பத்தெட்டு. சாய்ந்தமருதில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். அன்று ஒரு கல்யாண வீட்டில், கூட்டாளிகள் ஆறு பேர் ஒரே சஹனைச் சுற்றி இருந்தோம். ஆறு பேருக்கும் ஒரே பெரிய தட்டு என்பதால், யார் கை எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இறைச்சித் துண்டை நோக்கிப் போன றபீக்கின் கை நடுவில் நின்றது. றபீக்கின் கை... இறைச்சிக்கு முன்னால் நிற்பதா? நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் வியர்வை. மற்றக் கை நெஞ்சில்.

"என்னடா?"

"ஒண்டுமில்ல மச்சான், காஸ். ஒரு சோடா குடிச்சாச் சரி."

காஸ்! எங்கள் ஊர் ஆண்களுக்கு நெஞ்சில் வருகிற எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். என் வகுப்புக்காரர் மூன்று பேரை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். மூவரும் முதலில் சொன்னது அதைத்தான். முன்பெல்லாம் அறிவித்தலில் கூட்டாளிகளின் வாப்பாமார் பெயர் வரும். இப்போது கூட்டாளிகளின் பெயரே வருகிறது. ஏன் வராது? மூன்று வேளையும் சோறு, தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி, கடைக் கதிரையை விட்டு அசையாத உடம்பு. மனைவிமார் மருந்து எழுதும் கொப்பியோடு கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள். நாங்களோ, யாரும் கண்டுவிட்டால் 'ஆளுக்குச் சீனி வருத்தமாம்' என்று ஊர் கதைக்குமே என்று ஒளிந்து திரிகிறோம். கோபம் கோபமாக வருகிறது — என்மீதும்தான்.

"எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"சஹன்ல இருந்து எப்பிடிடா இடையில எழும்புற? ஆக்கள் சாப்பிட்டுட்டு இரிக்காங்க. வட்டிலப்பம் வரட்டும், மறுகா பாப்பம்."

கவனியுங்கள் — உயிர் போகிறது, ஆளுக்கு மரியாதை பெரிதாகப் போய்விட்டது! ஒருவர் எழும்பினால் மற்றவர்களின் சாப்பாடு குழம்பும் என்பது எங்கள் வளர்ப்பு.

எதிரே இருந்த ஹனீபா, வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு எழும்பினான். "டேய், எல்லாரும் எழும்புங்கடா. இனி இவன் ஆரோட இரிந்து சாப்பிடப் போறான் எண்டு பாப்பம்."

ஐந்து பேரும் எழும்பினோம். றபீக்குக்கு வேறு வழியில்லை. பெண்ணின் வாப்பா பதறி ஓடிவந்தார். "என்ன தம்பி, சாப்பாட்டுல ஏதும் குறையா?" பதில் சொல்ல ஏது நேரம்? கழுவாத கைகளோடு அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

ஈசிஜியைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "ஹார்ட் அட்டாக். நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்திட்டீங்க."

அல்ஹம்துலில்லாஹ்... வென்றுவிட்டோம்! ஒலிபெருக்கிக்கு ஒரு பெயர் குறைந்தது. இப்போது எங்கள் செட் முழுக்க, பட்டப்பகலில், கொப்பியும் கையுமாகக் கிளினிக் வரிசையில் நிற்கிறது. ஊர் நன்றாகக் கதைக்கட்டும்!

றபீக் நடந்து வந்த அந்தப் போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் பெண்ணின் வாப்பா எங்களை மறித்தார். "அண்டைக்கு அரைவாசியில எழும்பிட்டீங்க. ஆறு பேரும் ஊட்டுக்கு வாங்க, ஒரு சஹன் வைக்கணும்."

போனோம். றபீக் அளவாகச் சாப்பிட்டான். கடைசியில் வந்த இனிப்பை, வட்டிலப்பத்தை, தள்ளி வைத்தான். மற்றவர்கள் முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தான்.

பிறகு ஆறு பேரும் ஒன்றாக எழும்பினோம் — இந்தத் தடவை, கை கழுவ.