பனி தின்ற படங்கள்

என் அத்தையின் கல்யாணம் ஒருமுறை பனியால் நின்றுபோனது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வரலாறு. மழையால் தள்ளிப்போன கல்யாணம் உண்டு, சாவு விழுந்து நின்ற கல்யாணம் உண்டு, பனியால் நின்றது நம் வீட்டில் மட்டும்தான் என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு, மாமா பக்கத்தில் இருந்தால், அவரை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். வேலைக்கு வந்தவர்களைப் பேர் போடுவதும், பறித்த பழத்தை அளந்து எழுதுவதும் அவர் வேலை. எஸ்டேட் கொடுத்த சின்ன வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தை பத்தாவது முடித்துவிட்டு டவுனில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் மிஷின் கிடையாது. அதனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், சோறு வேகக் காத்திருக்கும்போதும் அவள் விரல்கள் எதன் மேலாவது டைப் அடித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் என் முதுகின் மேல். அவள் பழகிய ஆங்கிலத்தில் பாதி என் முதுகு வழியாகப் போனதுதான். ஆடி கழிந்ததும் சேலத்தில் பரீட்சை.

அதற்குள் குப்பனூர்ப் பக்கம் அரிசி மில் வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. வசதியான இடம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். ஆடி பிறப்பதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றிவிட வேண்டும். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் போட்டோ அனுப்ப வேண்டும், அதுவும் ஸ்டுடியோவில் எடுத்ததாக இருக்கக் கூடாது. ஸ்டுடியோக்காரர்கள் பென்சிலை வைத்துத் தடவி யாரையும் சிவப்பாக்கிவிடுகிறார்கள், மூத்த மருமகள் விஷயத்தில் மில்காரரின் மனைவி அப்படித்தான் ஏமாந்துபோனாராம். பெண் சும்மா எங்காவது நிற்கிற மாதிரி, வெளிச்சத்தில், தலை முதல் கால் வரை தெரிய வேண்டும் என்று தரகர் விளக்கினார்.

அப்பா தயங்கித் தயங்கிப் பரீட்சை விஷயத்தை எடுத்தார். "அரிசி மில்லுல டைப் அடிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று தரகர் சிரித்தார். மரியாதைக்கு அப்பாவும் சிரித்தார். அத்தை சமையலறையில் இருந்தாள். அன்றைக்கு அவள் என் முதுகில் டைப் அடிக்கவில்லை. நான் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தும் பார்த்தேன், கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

ஸ்டுடியோ கூடாது என்றால் எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி மாமாதான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சேலத்தில் ஓர் ஆபீசில் வேலை. எந்தப் பொருளையும் சொந்தமாக வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் எந்தப் பொருளைப் பற்றியும் அதை வாங்கியவனைவிட அதிகமாகப் பேசுவார். ஆபீஸ் சிநேகிதர் ஒருவருக்கு அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு, ஆனி மாத நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மலையேறி வந்தார்.

கைக்குட்டைக்குள்ளிருந்து தோல் உறையும், உறைக்குள்ளிருந்து கேமராவும் வெளியே வந்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஏரிக்கரையில் டூரிஸ்டுகளைச் சுற்றிவரும் போட்டோக்காரர்களின் கேமராக்கள் கழுத்தையே இழுக்கும். இது மாமாவின் உள்ளங்கையில் சோப்புப் பெட்டி மாதிரி அடங்கிக் கிடந்தது. மாமா விடவில்லை.

"பெரிய கேமராவத் தூக்கிட்டுச் சுத்தறவன் ஊரையா பாக்கறான்? கேமராவத்தான்க்கா பாத்துட்டுத் திரிவான். ஊர் சுத்தப் போறவனுக்குக் கையி காலியா இருக்கோணும்" என்று அம்மாவிடம் சொன்னார். கையைக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டியவர் கொண்டுவந்த பையில் குடை, துடைக்க மஞ்சள் துணி, அதைச் சுற்ற இன்னொரு துணி, ஒரு ஸ்வெட்டர், பேப்பரில் பொதிந்த முறுக்கு எல்லாம் இருந்தன. அந்தப் பையை அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள்.

எனக்கு மட்டும் மாமா கேமராவைக் கிட்டத்தில் காட்டினார். மேலே ஓரத்தில் சின்ன ஜன்னல், நடுவில் உருண்டையான கண்ணாடி. "நாம பாக்கற ஜன்னல் இது சாமி. அது பாக்கற கண்ணு அது. ரெண்டும் வேற வேற" என்றார். கண்ணாடியின் கறுப்பு மூடியை அவர் கழற்றியபோது உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பளபளப்பு தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் ஏரிக்குப் போனோம். நல்ல வெயில். மாமா படகை எடுத்தார். படகிலிருந்த வெளியூர்க்காரர்களை எடுத்தார். அவர்களுடைய நாய்க்குட்டியை எடுத்தார். என்னை எடுத்தார். அத்தையைக் கூப்பிட்டபோது அவள் கண் கூசுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்தது. மாமா சமாதானம் செய்தார். பெண்ணுக்கு ஏற்ற இடம் மலை விளிம்பிலுள்ள லேடீஸ் சீட்தான், பின்னால் மலைரோடும் கீழே சேலமும் தெரிகிற மாதிரி எடுத்தால் மில்காரர் குடும்பம் வாயடைத்துப்போகும் என்றார். வழியில் அத்தை பேரிக்காய் வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

லேடீஸ் சீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் சேலமும் இல்லை, மலைரோடும் இல்லை. பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து கம்பி வேலியையே மறைத்திருந்தது. ஈரம் கண்ணாடிக்கு ஆகாது என்று மாமா மஞ்சள் துணியால் ஒற்றி, மூடியை மாட்டி, கேமராவை ஸ்வெட்டருக்குள் வைத்துக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார். நாங்கள் முறுக்கைத் தின்றபடி காத்திருந்தோம். அத்தை ஒன்றும் தின்னவில்லை. அவளுக்கு அழுகை வருகிறதோ என்று நினைத்தேன்.

திடீரென்று பனி விலகியது. ஏற்காட்டில் அது அப்படித்தான், போவதும் தெரியாது வருவதும் தெரியாது. வெளிச்சம் வந்ததும் மாமாவுக்குக் கைகால் ஓடவில்லை. "நில்லு அம்மிணி, நில்லு, மறுபடி மூடறதுக்குள்ள நில்லு!" என்று கத்திக்கொண்டே கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினார். அத்தை கம்பி வேலி அருகே போய், கருமாதி வீட்டில் நிற்பதைப் போல நின்றாள். அம்மா ஓடிப்போய் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, ஓடிவந்து மாமாவின் முதுகுப் பக்கம் நின்றாள். மாமா ஒரு படம் எடுத்தார்.

அப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. அத்தை நேராகக் கேமராவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் முகம் மெல்லத் தெளிந்தது. நிமிர்ந்து நின்றாள். சிரித்தாள். மாமா திரும்பச் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள், பூவைத் தொடச் சொன்னால் தொட்டாள், பாறையில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். போதும் என்று மாமா சொன்னபோதுகூட, "ஏனுங்க, இன்னொண்ணு எடுங்க, இந்தப் பக்கமா நிக்கறேன்" என்றாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புள்ளைக்கு இப்பத்தான் மனசு வந்திருக்குது என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டாள்.

துணைக்கு என்னையும் ஒரு படத்தில் நிற்கச் சொன்னார் மாமா. நான் அத்தையின் பக்கத்தில் போய் நின்று கேமராவைப் பார்த்தேன். மாமாவிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். அத்தை ஒரு பேரிக்காயைக் கடித்து உடைத்து, பெரிய துண்டாக என் வாயில் திணித்தாள். "தின்னு கண்ணு, பசியோட நிக்கற பாரு" என்றாள். அவளுக்கு என் மேல் இருந்த பிரியத்தை நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன கேட்க வந்தேன் என்பதை மறந்துபோனேன்.

ஃபிலிம் தீர்ந்தது. மாமா பஜ்ஜிக் கடையைப் பார்த்துவிட்டார். "குடுங்க, நான் உறையில போட்டு வெக்கறேன்" என்று அத்தை கேமராவை வாங்கித் துடைத்து, உறையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக் கொடுத்தாள். எவ்வளவு பதவிசான பெண் என்று மாமா பஜ்ஜியோடு பாராட்டினார்.

சேலத்தில் கழுவிப் பார்த்தபோது படகு வந்திருந்தது, நாய்க்குட்டி வந்திருந்தது, நானும் வந்திருந்தேன். லேடீஸ் சீட்டில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. உள்ளே வெளிச்சமே போகவில்லை என்று ஸ்டுடியோக்காரர் சொன்னாராம். மாமா அதற்குக் காரணம் கண்டுபிடித்தார். கண்ணுக்குத் தெரியாத பனி மிச்சம் இருந்து வெளிச்சத்தைத் தின்றுவிட்டது, இது சமவெளிக்குச் செய்த கேமரா, மலைக்கு ஆகாது என்றார். அம்மா திருஷ்டி என்றாள். அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் அப்பா வேறு யாரையாவது பிடித்து இன்னொரு படம் எடுத்திருப்பார். ஆடிக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது. ஆனால் மாமா நியாயஸ்தர். போட்டோ தாமதமானால் பெண் வீட்டார் எதையோ மறைப்பதாக நினைத்துவிடுவார்களே என்று, ஸ்டுடியோக்காரரை வற்புறுத்தி ஒன்றுமில்லாத அந்த ஃபிலிமிலேயே ஒரு படம் போட்டு வாங்கிக்கொண்டு, தானாகவே மில்காரர் வீட்டுக்குப் போனார். முழுக்கக் கறுப்பான அந்த அட்டையை வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "இதுலதானுங்க பொண்ணு நிக்குது, இந்த எடத்துல" என்று விரலால் காட்டினாராம். மில்காரரின் மனைவி அதைத் தொடக்கூட இல்லை. முதல் காரியமே இப்படி இருட்டாக வந்தால் பிறகு விளக்கேற்ற என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டார். காபி கொடுத்தார்கள், மாமா குடித்துவிட்டு வந்தார்.

ஆடி பிறந்தது. ஆடி போனது. அத்தை சேலம் போய்ப் பரீட்சை எழுதி, முதல் வகுப்பில் தேறினாள். அடுத்த பரீட்சையும் தேறினாள். ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. வேலையைத் தொடரச் சம்மதித்த ஒருவரைக் கொஞ்ச வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாமாவுக்கு மட்டும் விடுதலை கிடைக்கவில்லை. எந்த விசேஷத்திலும் யாராவது கேமராவை எடுத்தால் போதும், எல்லோரும் பனி வருகிறதா என்று வானத்தைப் பார்ப்பார்கள். அப்போதெல்லாம் அத்தை ஒருத்திதான் அவருக்காகப் பேசுவாள். "விடுங்கண்ணா, பாவம், பனிக்கு அவரு என்ன பண்ணுவாரு" என்பாள். அவர் சாப்பிட உட்கார்ந்தால் அவர் இலையில் மட்டும் நெய் தாராளமாக விழும். தன் கல்யாணத்தையே கெடுத்தவரிடம் இப்படி நடந்துகொள்ள நொம்பப் பெரிய மனசு வேண்டும் என்று அம்மா சொல்வாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்தக் கேமராவை மாமா பிற்பாடு சிநேகிதரிடமிருந்து பழைய விலைக்கு வாங்கிவிட்டார். ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு அதன் மேல் ஒரு பாத்தியம் வந்துவிட்டது போல. வாங்கினாரே தவிர எடுத்துப் பார்க்கவே இல்லை. நான் வேலைக்குப் போன வருஷம், நீயாவது ஊர் சுற்று சாமி, கையடக்கமாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார். ஆடியில் அத்தை லீவில் வந்தபோது அவளை லேடீஸ் சீட்டுக்கு அழைத்துப்போனேன். அன்றைக்குப் பனியே இல்லை. சேலம் முழுக்கத் தெரிந்தது. அத்தை அதே கம்பி வேலி அருகே நின்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை, புடவை, மலைரோடு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"கண்ணு, மூடியக் கழட்டிட்டுப் பிடி" என்றாள் அத்தை, நின்ற இடத்திலிருந்தே.

கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மூடி, அதன் மேல் வெள்ளை எழுத்து. பின்னால் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. எதிரில் நிற்பவரின் கண்ணில் படாமல் இருக்கவே இருக்காது. எட்டு வயதில் மாமாவிடம் நான் என்ன கேட்க வந்தேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. 'மாமா, இது ஏன் கண்ண மூடிட்டிருக்குது?'

மாமாவை நினைத்துப் பாவமாகவும், அத்தையை நினைத்து ஆச்சரியமாகவும் இருந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். அத்தை அதற்குள் பையிலிருந்து பேரிக்காயை எடுத்துக் கடித்து உடைத்திருந்தாள். ஒரு துண்டை என் வாயில் வைத்துவிட்டு, முந்தானையைத் தானே சரிசெய்துகொண்டு, பழையபடி போய் நின்றாள். ஏற்காட்டுப் பேரிக்காய் கல் மாதிரி இருக்கும். மென்று விழுங்க நேரமாகும் என்பதற்காகத்தான் அதை எனக்குக் கொடுத்தாள் என்று சின்ன வயதில் எனக்குத் தெரியவில்லை.