அரண்மனை வைஃபை

அந்தச் சந்தில் அவளுக்குச் "சிரிக்காதீங்க அக்கா" என்று பெயர். வைத்தது சந்துப் பிள்ளைகள், பெரியவர்களிடமும் ஒட்டிக்கொண்டது. காரணம் அவள் தொழில். அடையாள அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் ஒட்டுகிற சின்னப் போட்டோ எடுப்பவள் அவள். கட்டிலை விட்டு எழ முடியாதவர்கள், கைக்குழந்தையை விட்டு நகர முடியாதவர்கள், கடையைப் பூட்ட மனசு வராதவர்கள், யார் கூப்பிட்டாலும் போவாள். வெள்ளைத் துணி ஒன்றைச் சுவரில் மாட்டி, போனிலேயே படம் பிடித்து, தோள்பையில் இருக்கும் சின்னப் பிரிண்டரில் அங்கேயே அச்சடித்து, வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு வருவாள். அட்டை கொடுக்கிற ஆபீசுக்குப் பல் தெரிந்தால் ஆகாது. அதனால் எந்த வீட்டில் படம் எடுத்தாலும் "சிரிக்காதீங்க" என்பாள். அவ்வளவுதான், அதுவரை உம்மென்று உட்கார்ந்திருந்த ஆள்கூடக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். மனித சுபாவம் அப்படி, யார் என்ன செய்ய முடியும்?

சிரிக்காமல் இருப்பது அவளுக்குத்தான் சுலபமாக வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு கணவனை விட்டு ஓடி வந்தவள் அவள். இதைச் சந்தில் யாரிடமும் சொன்னதில்லை. கணவன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான் என்று சொல்லி வைத்திருந்தாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் சொல்கிற முதல் பொய் பெரும்பாலும் அதுதான்.

கணவனுக்கு அலுமினிய ஜன்னல் மாட்டுகிற தொழில். அவனைக் கெட்டவன் என்று அவனிடம் ஜன்னல் வாங்கிய எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். அக்கா, அம்மா, சார் என்று தேன் ஒழுகப் பேசுவான். சொன்ன நாளில் வேலையை முடிப்பான், கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளிக் கொடுத்துவிட்டுப் போவான். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் அந்தக் குரலையும் சேர்த்துக் கழற்றிவிடுவான். அடிப்பான். வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிப்பான். ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனாள். அங்கேயும் அவன் தேன் ஒழுகப் பேசினான், இரண்டு பேரையும் சமாதானம் செய்து ஒரே வண்டியில் அனுப்பி வைத்தார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டவள், தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டதற்காக அவன் மகள் குட்டியின் மேல் கை வைத்த மறுநாள் கிளம்பினாள். அவன் எழுவதற்கு முன்னால், துணி நாலு, மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ், டேப்லெட், பிழைப்புக்குப் பிரிண்டர் என்று ஒரே பையோடு பஸ் ஏறினாள். புது ஊர், புது சிம்கார்டு. பழைய உறவுக்காரர்கள் ஒருவருக்கும் இடம் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சமாளித்தவளைப் பிரிண்டர்தான் பாடாய்ப் படுத்தியது. திரை கிடையாது, இரண்டே பொத்தான், ஒரு நீல விளக்கு. அது பழைய வீட்டு வைஃபையைத் தவிர வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. புது நெட்டில் சேர்க்கப் போனால் போனிலுள்ள செயலி கணக்கைத் திறக்கச் சொன்னது. கணக்கோ அவன் பேரில் இருந்தது. "உங்கள் எண்ணுக்கு ரகசியக் குறியீடு அனுப்பவா?" என்று மரியாதையாகக் கேட்டது. அந்த எண் அவன் எண். கொதிக்கிற பாத்திரத்தில் பட்டதுபோல விரலை இழுத்துக்கொண்டாள். செயலியை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாலும் கடைசியில் அதே கேள்வியில் போய் நின்றது. புது பிரிண்டர் வாங்க வழியில்லை. நீல விளக்கு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்க, தாயும் மகளும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வழி சொன்னவர் செல்போன் கடைக்காரர். நல்ல மனிதர், அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் போனிலேயே ஹாட்ஸ்பாட் போடுங்கள், அதற்குப் பழைய வீட்டு வைஃபையின் பேரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் வையுங்கள், பிரிண்டர் பழைய வீடு என்று நினைத்துத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்றார். பழைய பேர் "அரண்மனை". ஒன்றரை அறை வாடகை வீட்டுக்கு அவன் வைத்த பேர் அது. அந்தப் பேரை எழுத அவளுக்குக் கை கூசியது. ஆனாலும் எழுதினாள். நீல விளக்கு சிமிட்டலை நிறுத்திவிட்டு நின்று எரிந்தது. மூலையில் கிடந்த டேப்லெட்டும் கேட்காமலே சேர்ந்துகொண்டது.

"அம்மா, நம்ம வீட்டு நெட்டு இங்கயும் வந்துடுச்சு" என்றாள் குட்டி. சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாத குரலில் சொன்னாள். அம்மாவுக்கு அதை அப்போதே அணைத்துவிடத் தோன்றியது. ஆனால் மறுநாளே ஒரு வீட்டில் படம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். பிழைப்பு முந்திக்கொண்டது. அன்றிலிருந்து அரண்மனையைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

அவள் குடியிருந்த மாடிக்குக் கீழே டெய்லரக்காவின் கடை. டெய்லரக்காவுக்குத் தைக்கிற வேகத்துக்கு இணையாக வாயும் ஓடும். யார் வந்தாலும் அளவு எடுப்பதற்குள் சொந்த ஊர், சம்பளம், சண்டை எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். வெளிநாட்டுக்காரர் எந்த நாடு, என்ன வேலை, ஏன் ஒரு போன்கூட வருவதில்லை என்று தினம் ஒன்று கேட்பாள். அதற்குப் பயந்தே இவள் படியில் பூனைபோல இறங்கிப் போவாள். குட்டியின் பள்ளி வேன் வந்து நிற்பது அந்தக் கடை வாசலில்தான். அந்த நேரத்தில் மட்டும் வேறு வழியில்லாமல் நிற்பாள்.

அன்று மத்தியானம் முதியோர் இல்லத்தில் ஆள் அதிகம் என்பதால் அங்கே அச்சடிக்காமல் கொண்டுவந்த படங்களை மாடியில் உட்கார்ந்து அச்சடித்துக்கொண்டிருந்தாள். பல்லில்லாத ஒரு பெரியவர் கட்டுப்படுத்த முடியாத சிரிப்போடு தாளில் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் பிரிண்டர் இன்னொரு தாளை இழுத்தது. அவள் இன்னும் எதையும் அனுப்பவில்லை. தாள் மெதுவாக வெளியே வந்தது. முகம் இல்லை. கோடுகள், கட்டங்கள், ஒரு ஜன்னலின் படம். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது, நல்ல போட்டோ தாள் வீணாய்ப் போச்சே என்று. பிறகு தாளின் தலைப்பில் இருந்த கடைப் பேரைப் படித்தாள். கீழே அவன் எண். அவள் வீட்டை விட்டு வந்த நாளின் தேதி.

புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவள் கிளம்பிய அன்று காலை யாருக்கோ ஒரு கொட்டேஷனை அவன் தன் போனிலிருந்து பிரிண்டருக்கு அனுப்பியிருக்கிறான். பிரிண்டரோ அவள் பையில் ஊரைத் தாண்டிவிட்டிருந்தது. அனுப்பியதை அவன் மறந்திருப்பான், போன் மறக்கவில்லை. எங்கேயாவது "அரண்மனை" என்ற நெட்டைக் கண்டால் கொடுத்துவிடலாம் என்று இத்தனை நாளாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. ஹாட்ஸ்பாட்டைத் திறந்து பார்த்தாள். பிரிண்டர், குட்டியின் டேப்லெட், அதற்குக் கீழே அவன் போன். அப்படியானால் ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான்.

ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள். திரைச்சீலையின் ஓரத்தை விலக்கினாள். எதிர் வீட்டில் புதிதாகக் கட்டிய மாடியில், இன்னும் கதவு வைக்காத ஜன்னல் பொந்து ஒன்றில் அவன் நின்றுகொண்டிருந்தான். கையில் அளவு டேப். எதிர் வீட்டம்மாவிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டே நீளம் அகலம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளைத் தேடி வரவில்லை. வேலைக்கு வந்திருக்கிறான், அவ்வளவுதான். அளவெடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பான். பாழாய்ப்போன அந்த ஒரு தாள் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

பொந்தைப் படம் பிடிக்க அவன் போனை எடுத்தான். எடுத்தவன் படம் பிடிக்கவில்லை. திரையையே பார்த்தான். அதில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அச்சடித்து முடிந்தால் பிரிண்டரின் பேரோடு போன் ஒரு வரி சொல்லும். அவன் நெற்றியைச் சுருக்கி அந்த வரியை மறுபடி படித்தான். பிறகு தலையைத் தூக்கிச் சந்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான். ஜன்னல் பார்ப்பது அவன் தொழில், நிதானமாகப் பார்த்தான்.

அவள் பின்னால் நகர்ந்து கதவைத் தாழ்போட்டாள். கட்டிலை இழுத்துக் கதவோடு சேர்த்து வைத்தாள். மூச்சுச் சத்தம்கூட வராமல் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான். அப்போதுதான் வேன் நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குட்டி அவன் கண்ணெதிரே, கடை வாசலில் வந்து இறங்குவாள். கட்டிலை எப்படி இழுத்துத் தள்ளினாள், படியில் எப்படி இறங்கினாள் என்று பிற்பாடு கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

டெய்லரக்கா மெஷினை நிறுத்தாமல், "என்ன, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?" என்றாள்.

"அக்கா, உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். எம்புருஷன் வெளிநாட்டுல இல்ல. எதிர் வீட்டுல ஜன்னலுக்கு அளவெடுக்குறாரே, அவர்தான். அடிக்குறாருன்னு ஓடி வந்துட்டேன். என்னைப் பார்த்துட்டா விட மாட்டாரு. குட்டி இப்ப வந்துடுவா."

மெஷின் நின்றது. தினம் ஒன்று கேட்கிறவள் அன்று ஒன்றும் கேட்கவில்லை. வாயில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள். அதற்குள் அவன் படியிறங்கிச் சந்தைக் குறுக்காகக் கடந்து வந்துகொண்டிருந்தான். எதிர் வீட்டம்மாவும் அளவுச் சீட்டோடு பின்னாலேயே வந்தாள்.

"அட, இங்கயா இருக்கீங்க?" என்றான். வாடிக்கைக்காரர்களிடம் பேசுகிற அதே குரல். டெய்லரக்காவைப் பார்த்துக் கும்பிட்டான். "எங்க வீட்டுக்காரிதான்க்கா. சின்ன மனஸ்தாபம். கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. குழந்தையப் பார்க்காம நான் சோறு தண்ணி இல்லாம அலையுறேன்." கண்ணும் கலங்கியது. எதிர் வீட்டம்மா உச்சுக்கொட்டினாள். இவ்வளவு தங்கமான மனுஷனை இப்படிப் பண்ணலாமா என்கிற பார்வை அவள் மேல் விழுந்தது. டெய்லரக்காவின் முகத்திலும் ஒரு தயக்கம் வந்துபோனதை அவள் பார்த்தாள். போலீஸ் ஸ்டேஷனில் பார்த்த அதே தயக்கம்.

அவள் இடது கையை நீட்டினாள். சுண்டுவிரல் மடங்காமல் விறைத்து நின்றது. "இதை நீங்கதான் உடைச்சீங்க. கதவு இடுக்குல வச்சு" என்றாள். சத்தமாகத்தான் சொல்ல நினைத்தாள், பாதிதான் வெளியே வந்தது.

அவன் வருத்தத்தோடு தலையை ஆட்டினான். "விழுந்து அடிபட்டதுக்கா. மனசு சரியில்ல அவளுக்கு. டாக்டர்கிட்ட காட்டணும்னுதான் தேடுறேன்." எதிர் வீட்டம்மா அதற்கும் உச்சுக்கொட்டினாள். அவள் பேச்சுக்கும் அவன் பேச்சுக்கும் நடுவில் யார் பேச்சு நிற்கும் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். எப்போதும் அவன் பேச்சுதான் நின்றிருக்கிறது.

வேன் வந்து நின்றது. குட்டி பள்ளிக்கூடப் பையோடு வழக்கம்போல வளவளவென்று பேசிக்கொண்டே இறங்கினாள். இறங்கியவள் அப்பாவைப் பார்த்தாள். பேச்சு அப்படியே நின்றது. அவனிடம் ஓடவில்லை, அம்மாவிடமும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே பையை முன்னால் இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள்.

வேன் டிரைவர் கியரில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டம்மா அளவுச் சீட்டை மடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

டெய்லரக்கா எழுந்து போய்க் குட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். "கேட்டீங்கல்ல எல்லாரும்?" என்று சந்தைப் பார்த்துக் கேட்டாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "நீ கிளம்புப்பா. இனிமே இந்தச் சந்துல யார் வீட்டுக்கும் ஜன்னல் வேண்டாம்" என்றாள்.

அவன் கிளம்பினான். வண்டியை உதைக்கும்போது மாடியை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொண்டான். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். திரும்ப வருவான். இன்றைக்கோ நாளைக்கோ, வீடு தெரிந்துவிட்டது. அவள் படியில் உட்கார்ந்தாள். மறுபடி பை, மறுபடி பஸ், மறுபடி வேறு ஒரு பொய் என்று மனசு ஓட ஆரம்பித்தது. குட்டி பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

டெய்லரக்கா கடைக்குள் போனாள். தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியிலிருந்து எடுக்காமல் மெஷினை இழுத்துப் பார்த்தாள். கனமான பழைய மெஷின், ஒரு ஆளால் நகராது. மாடிக்கு ஏறுகிற வழி ஒன்றே ஒன்றுதான், அந்தப் படி வாசலை ஒரு தரம் கண்ணால் அளந்தாள்.

"உட்கார்ந்தது போதும், எழுந்திரு" என்றாள். "இதைப் படி வாசல்ல போட்டு இங்கயே உட்கார்ந்து தைச்சுக்குறேன். ஒரு பக்கம் புடி."