தனபாலை அடிப்பதற்காக நடந்தேன்

ஒரு காலையில் சட்டைப் பித்தான் போட முடியாமல் போனதுதான் முதல் அறிகுறி. விரல்கள் ஆடின. ஒரு கட்டிங் பிராந்தி உள்ளே போனதும் அடங்கின. கையை அடக்கும் மருந்து அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது.

சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. கள்ளக்குறிச்சியில் குடியிருந்து நெல் அறுவடை மிஷின் ஓட்டுகிறேன். அதே முதலாளியிடம் இன்னொரு மிஷின் ஓட்டுபவன் தனபால். பல வருடங்கள் ஒன்றாகக் குடித்தோம். இந்தக் கட்டுரையில் அவனைப் பற்றி நல்லதாக ஒன்றும் வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் கீதா நர்சிங் முதல் வருடம் சேர்ந்திருந்தாள். கல்லூரியில் பெற்றோர் கூட்டம். மனைவி பூங்கொடிக்குக் காய்ச்சல் என்பதால் நான் கிளம்பினேன். வழியில் தனபால் நிறுத்தினான்.

"கை இப்டி ஆடிக்கினு கீது. டீச்சர் முன்னாடி எப்டி கையெழுத்து போடுவ? ஒரு கட்டிங் போட்டுக்கினு போ மச்சான்."

ஒன்று நான்கானது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் விழுந்தேன். வேட்டி அவிழ்ந்தது எனக்குத் தெரியாது. தனபால் தூக்கவில்லை. செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். "எந்திரி மச்சான், காலேஜுக்கு டைம் ஆவுது" என்று அவன் சிரிக்கும் குரல் அதில் கேட்கும். டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இரண்டு நாளில் அது கீதாவின் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

கீதா அழவில்லை. "இனிமே என் காலேஜ் பக்கம் வராதப்பா" என்றாள். அதன் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அவமானத்தில் அன்றே குடியை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. என்னைப் போல் தினமும் குடிப்பவர்கள் இந்தத் தவறைச் செய்யாதீர்கள். மூன்றாம் நாள் சுவரில் எறும்புகள் ஊர்வதாகச் சொல்லித் துடைப்பத்தால் அடித்தேனாம். மதியம் வலிப்பு வந்தது. பழகிய உடம்பிலிருந்து குடியைத் திடீரென்று எடுத்தால் உயிரே போகலாம் என்பது எனக்கு மருத்துவமனைக் கட்டிலில்தான் தெரிந்தது. இதை விலகல் நோய்க்குறி (குடியை நிறுத்தும்போது நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது) என்கிறார்கள்.

ஒன்பது நாள் படுத்திருந்தேன். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து வீங்கியிருந்தது. தழும்பேறிச் சுருங்கும் கட்டத்துக்கு இன்னும் போகவில்லை, குடியை நிறுத்தினால் மீளும் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் மனநல மருத்துவர் அம்மா என்னையும் பூங்கொடியையும் உட்கார வைத்துப் பேசினார்.

"குடிக்கணும்னு எத்தன மணிக்கு ரொம்பத் தோணும்?"

"சாயங்காலம் ஆறு மணிக்குங்க. மிஷின நிறுத்தின ஒடனே."

"அந்த ஆசை ஏறும், கொஞ்ச நேரத்துல தானா எறங்கிடும். அந்த நேரத்துல ஒக்காந்திருக்காதீங்க. வேகமா நடங்க. வேர்க்கணும். மாத்திரைய விடக் கூடாது, மாசா மாசம் இங்க வரணும். நடை அதுக்குத் தொணைதான், அதுக்குப் பதில் இல்ல."

பிறகு கேட்டார்: "நடக்குறதுக்கு ஏதாவது ஒரு காரணம் இருந்தா நல்லது. என்ன வச்சுக்கிறீங்க?"

குடும்பம் என்று சொன்னேன். பொய். அந்த ஒன்பது நாளும் நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். தனபாலை அடிக்க வேண்டும். அவனை அடிக்கும் அளவுக்கு இந்தக் கையும் காலும் தேற வேண்டும்.

முதல் மாலை கச்சிராயபாளையம் சாலையில் இருநூறு அடிகூட நடந்திருக்க மாட்டேன். புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். மறுநாளும் போனேன். தனபால் வீடு அந்தச் சாலையில்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான்.

"இன்னா மச்சான், ஓட்டப் பந்தயமா?"

சிரித்தான். நான் நிற்காமல் நடந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குத் தேவைப்பட்டது. மதுக்கடைப் பக்கம் கால் திரும்பும்போதெல்லாம் அவன் முகத்தை நினைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். ஆறு மணிக்கு வேட்கை ஏறும், வாயில் எச்சில் ஊறும். அவன் வாசலைத் தாண்டும்போது அதிகமாகும். கால்வாய்ப் பாலத்துக்கு வந்து சேரும்போது பாதியாகிவிடும். சட்டை நனைந்து வீடு திரும்பும்போது பசி மட்டும் இருக்கும். பல வருடங்களுக்குப் பிறகு சாயங்காலத்தில் பசித்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கில் உமியை நிரப்பி வேப்பமரத்தில் கட்டினேன். காலையில் தோப்புக்கரணம், பிறகு அந்த மூட்டைக்குக் குத்து. பூங்கொடி பாத்திரம் கழுவியபடி பார்ப்பாள். "அந்த மூட்ட யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஒருநாள். தடுக்கவில்லை. அவளும் அந்தப் படத்தைப் பார்த்தவள்.

இரண்டாம் மாதம் சொந்த ஊரில் ஒரு காதுகுத்து. குடித்துவிட்டேன். மறுநாள் மருத்துவரிடம் போய்த் தலை குனிந்து நின்றேன்.

"ஒரு நாள் வழுக்கினா நடந்த நாளெல்லாம் அழிஞ்சிடாது. இன்னிக்கு சாயங்காலம் நடப்பீங்களா?"

"நடப்பேங்க."

"அப்ப சரி."

அறுவடை முடிந்ததும் முதலாளி எல்லா டிரைவர்களையும் வேனில் கல்வராயன் மலைக்குக் கூட்டிப் போனார். கரியாலூருக்கு அப்பால் ஓர் அருவி. செங்குத்தான பாதையில் இறங்கிக் குளிக்க வேண்டும். பூங்கொடி வேண்டாம் என்றாள். தனபால் வருவான் என்பதாலேயே போனேன்.

பாறையில் உட்கார்ந்து பாட்டில்களைத் திறந்தார்கள். நான் தண்ணீர் பாட்டிலோடு தள்ளி நின்றேன். தனபால் போனை எடுத்தான். "நம்ம மச்சான் நடிச்ச படம், புதுசா வந்த பசங்க பாக்கல" என்றான். மறுபடியும் அந்தக் குரல். எந்திரி மச்சான், காலேஜுக்கு டைம் ஆவுது.

நான் நடந்து வருவதைப் பார்த்ததும் எழுந்தான். என் முகத்தில் என்ன கண்டானோ, சிரித்துக்கொண்டே மேட்டுப் பாதையில் ஏறினான். பின்தொடர்ந்தேன். சிரிப்பு சீக்கிரமே நின்றது. திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓட ஆரம்பித்தான். நான் ஓடவில்லை. மாலையில் நடக்கும் அதே வேகத்தில் நடந்தேன். பாதி ஏற்றத்தில் ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டான். மார்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதைக் கவனித்தபோது வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

அறைந்தேன். ஒரே அறை. அவன் கையிலிருந்த போன் கீழே விழுந்தது.

"இது கீதாவுக்கு."

அவன் கன்னத்தைத் தொடவில்லை. என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். "தண்ணி குடு மச்சான்."

கொடுக்கவில்லை. மேலே ஏறிப் போய் வேனில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். சற்று நேரம் கழித்து அவனும் தள்ளாடி ஏறி வந்து பின் இருக்கையில் உட்கார்ந்தான்.

யாரையும் அடியுங்கள் என்று இதை எழுதவில்லை. அடித்ததற்கு நான் வருந்தவும் இல்லை. எழுத நினைத்தது அதற்கு அடுத்து நடந்தது.

ஊருக்கு இறங்கியபோது ஆறு மணி. அன்று வந்தது போல் ஒரு வேட்கை அதுவரை வந்ததில்லை. நினைத்துக்கொள்ளத் தனபாலின் முகம் இல்லை. கணக்கு முடிந்துவிட்டது. எதற்காக நடப்பது? கடை எதிரிலேயே இருந்தது. வேனிலிருந்து இறங்கி, வீடு வரைக்கும் ஓடினேன். வாசலில் உட்கார்ந்து பூங்கொடியிடம் சொன்னேன்: "என்னப் புடிச்சுக்கோ. நாளைக்கு என்னா பண்றதுன்னு தெர்ல."

அவள் புடவைத் தலைப்பால் என் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். "நாளைக்கு நானும் நடக்குறேன்" என்றாள்.

மறுநாள் காலை எந்தக் கோபமும் எழுப்பாமலே விழிப்பு வந்தது. தொடையில் மலை ஏறிய வலி இருந்தது. படுத்திருக்கக் கால்களுக்குப் பிடிக்கவில்லை.

கீதாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் மகிழவில்லை. "நீ அடிச்சதால அந்தப் படம் எல்லார் போன்லேந்தும் போயிடுமா?" என்றாள். தனபாலை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு என் மகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

போன வாரம் நடந்துவிட்டு வந்து, குளித்து, கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கீதா நோட்டும் கடிகாரமுமாக வந்தாள்.

"பத்து பேருக்கு நாடி பாத்து எழுதிக்கினு வரச் சொல்லிக்கிறாங்க. கையக் குடு."

மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். ஒரு நிமிடம். குடித்த வருடங்களில் முழு நாட்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு நிமிடத்தின் ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் விரலுக்குக் கீழே நான் இருக்கிறேன் என்பது தெரிந்தது.

"அறுவத்தெட்டு" என்று எழுதினாள். கையை எடுக்கவில்லை.

"சரியா எண்ணனேனான்னு தெர்லப்பா. ஆடாம இரு, இன்னொரு வாட்டி பாக்குறேன்."