எர்சீலியாவின் வாயில் வேறொருத்தி குரல்

போர் முடிந்த மறு வருஷம், ரோமில் துணி துவைத்துப் பிழைத்த எர்சீலியாவைப் பொதுத் தொட்டியடியில் பார்த்துப் பிடித்துப்போயிற்று ஓர் இயக்குநருக்கு. ஸ்டூடியோ நடிகைகள் அழுதால் கண்மைகூடக் கலையாதாம். அவருக்கு நிஜ முகம் வேண்டுமாம். பவுடர் பூசிக்கொண்டு போனவளை, "மூஞ்சியக் கழுவிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பினார். தெருவே சிரித்தது. அன்றே பாதி மானம் போயிற்று.

சாகக் கிடக்கும் மாமியாருக்காக மருமகள் அழும் காட்சி. கேமராவுக்கு அவள் முகம் மட்டும் போதும் என்று கட்டிலில் வெறும் தலையணையை வைத்திருந்தார்கள்.

"வசனத்த அப்புறமா ஒரு நடிகை பேசிச் சேத்துடுவா. நீ வாய்க்கு வந்தத சொல்லி அழு. உன் சத்தம் எதுவும் பதியாது," என்றார் இயக்குநர்.

பதியாது என்றதும் அவளுக்குள் ஏதோ இளகிவிட்டது. போர்க்காலத்தில் செத்துப்போன தன் மாமியாரிடமே சொல்வதுபோல், பாதிரியாரிடம்கூடச் சொல்லாததைத் தலையணையிடம் முணுமுணுத்தாள். "அத்தே, ஜெர்மன்காரன் ஊரப் புடிச்சிருந்தப்ப உன் பங்கு ரொட்டிய நான்தான் தின்னேன். கடையில தரலன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

கேமரா இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. இயக்குநர் கைதட்டினார். அவளுக்குக் கூசியது.

படம் பேட்டைக் கொட்டகைக்கு வந்தபோது குடித்தனக்காரர்கள் எல்லோரும் போனார்கள். திரையில் எர்சீலியாவின் வாய் அசைய, தேனாக ஒரு குரல், "என்னை விட்டுப் போகாதீர்கள், அம்மா" என்றது.

ரொட்டிக்கடை அசுந்தா மூக்கைச் சிந்தினாள். "நீயும் ஒரு மருமக. எனக்கும் ஒண்ணு வாய்ச்சிருக்கே."

பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்றிருந்தது எர்சீலியாவுக்கு.

மறுபக்கம் இருந்தவள் நாத்தனார் நெரீனா, செத்துப்போன கிழவியின் மகள். குண்டுவீச்சில் காது போனதிலிருந்து உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவள். தினமும் அவள் முகத்துக்கு நேரே நின்று பேசுகிற எர்சீலியாவுக்கு, படம் பிடித்த அன்று அது நினைவில் இல்லை. இப்போது திரையில் அந்த உதடுகள் ஆள் உயரத்துக்கு இருந்தன.

விளக்கு எரிந்தது. நெரீனா அழவில்லை. தன் குரலின் அளவு தெரியாதவள், கொட்டகைக்கே கேட்கும்படி கேட்டாள்.

"அண்ணி, அம்மா பசியோடயா போனா?"

எர்சீலியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கைய எடுங்க. நீங்க சொல்றது எனக்குத் தெரியணும்."

எர்சீலியா கையை எடுத்தாள். நெரீனாவுக்கு உதடு அசைந்தாலே போதும். ஆனாலும் அசுந்தாவுக்கும், பின்வரிசைக்காரர்களுக்கும் கேட்கும்படி, தன் சொந்தக் கரகரத்த குரலிலேயே சொன்னாள்.

"ஆமா. பசியோடதான்."